போர்க்கால வடக்கின் வீதிப் போக்குவரத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட மாகாணத்தின் வீதிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், போர் முடிந்த பிறகு வளர்ந்த மாணவர்களும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களும், தெற்கிலிருந்து பணிக்கு வரும் அலுவலர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, என்னிடமுள்ள விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். 1990 முதல் 2009 வரையான காலத்தைப் பற்றியே பெரும்பாலான கேள்விகள் அமைந்துள்ளன. கடைசிச் சில கேள்விகள் இன்றைய நிலையையும் இனிச் செய்ய வேண்டியவற்றையும் பற்றியவை.

ஏ-9 வீதி எங்கே தொடங்குகிறது? வடக்கென்றால் ஏன் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்?

கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, முகமாலை, கொடிகாமம், சாவகச்சேரி ஆகிய இடங்களைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடைகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர்.

இந்த வீதியின் முக்கியத்துவத்தை நிலவரைபடத்தைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலப்பரப்புடன் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஆனையிறவு இருக்கிறது. வீதியும் தொடருந்துப் பாதையும் அருகருகே அதன் வழியாகவே செல்கின்றன. மேற்கே பூநகரி வழியாக மன்னாருக்கு ஒரு வீதி உண்டு. ஆனால் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே கடல்நீரேரி குறுக்கிட்டதால் அங்கே பாதைப்படகில்தான் (வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் படகில்) ஏற வேண்டியிருந்தது. கிழக்கே சுண்டிக்குளம் பக்கமாகச் செல்லும் கரையோரத் தடம் மணற்பாங்கானது. பாரமேற்றிய லொறிகளுக்கு ஏற்றதன்று. ஆகவே ஆனையிறவு மூடப்பட்டால் பல இலட்சம் மக்கள் வாழும் ஒரு பிரதேசம் தரைவழித் தொடர்பை இழந்துவிடும் என்பது போர் தொடங்கும் முன்பே தெரிந்த உண்மை.

போருக்கு முதல் சாமான்கள் எப்படிப் போய் வந்தன?

தொடருந்தும் லொறியும் பணியைப் பகிர்ந்துகொண்டன. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி பயணிகளுக்கானது. காங்கேசன்துறைச் சீமெந்து போன்ற பாரமான பொருட்களுக்குச் சரக்குத் தொடருந்துகள் இருந்தன. வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவை லொறிகளில் தெற்கே சென்றன. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் குடாநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்ததால், லொறித் தொழிலும் உடன் வளர்ந்தது. திரும்பி வரும் லொறிகள் அரிசி, மா, துணிமணி, உதிரிப்பாகங்கள் முதலியவற்றை ஏற்றி வந்தன. இரு திசையிலும் பாரம் இருந்தபடியால் கூலி கட்டுப்படியாகியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் விடைகளுக்கு அது தேவைப்படும்.

பாதை எப்போது மூடியது, எப்போது திறந்தது? ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்கிறார்களே?

எல்லாரும் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஏனெனில் பாதை ஒரு தடவை மட்டும் மூடப்படவில்லை. 1990 ஜூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் வெடித்தபோது ஆனையிறவு வழியிலான போக்குவரத்து நின்றது. வவுனியாவுக்கு வடக்கே தொடருந்தும் நின்றுபோனது. 1995 இன் இறுதியில் இராணுவம் யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றி, 1996 இல் குடாநாட்டின் மற்றப் பகுதிகளையும் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த பிறகு, நீரேரி வழியாக மக்கள் கடந்துகொண்டிருந்த தடங்களும் அடைபட்டன.

2002 பெப்ரவரி 22 இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டி, முதலில் வவுனியாப் பக்கமாகவும் ஏப்ரலில் முகமாலைப் பக்கமாகவும் ஏ-9 திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை மூண்டதும் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 9 இல் ஆனையிறவு இராணுவத்தின் கைக்குச் சென்றபோது வீதி முழுவதும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால் பொதுமக்களுக்குப் போர் முடிந்த பிறகே, அதுவும் அனுமதிப்பத்திரம், வாகனத் தொடரணி, நேரக் கட்டுப்பாடு என்று படிப்படியாகவே திறந்துவிடப்பட்டது.

ஆனையிறவு மூடியிருந்தபோது சனம் எப்படித்தான் வெளியே போனது?

முதலில் கொம்படி, ஊரியான் வழியாக. அது வீதியன்று, நீரேரியின் ஆழம் குறைந்த பகுதி. சேற்றிலும் நீரிலும் மிதிவண்டியை உருட்டியும் தோளில் சுமந்தும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் மக்கள் கடந்தார்கள். பிறகு கிளாலிக் கரையிலிருந்து பூநகரிப் பக்கத்துக்குப் படகில் கடப்பது முதன்மை வழியாயிற்று. இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னால் பல படகுகளைக் கயிற்றால் கோத்து இழுத்துச் செல்வார்கள். நீரேரியை அரசு தடைசெய்யப்பட்ட வலயமாக அறிவித்திருந்ததாலும், கடற்படை சுற்றுக்காவலில் இருந்ததாலும் பயணம் இரவிலேயே நடந்தது. 1993 ஜனவரி 2 இரவு கிளாலியில் கடற்படையின் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்பும் மக்கள் அதே வழியில் போனார்கள். மருத்துவம், பரீட்சை, வேலை, வெளிநாட்டுப் பயணம் எதற்கும் வேறு வழி இருக்கவில்லை.

கரையேறியபின் உழவு இயந்திரத்திலோ லொறியிலோ, குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள பெருநிலப்பரப்பான வன்னியைக் கடந்து வவுனியாவுக்கு வடக்கேயுள்ள தாண்டிக்குளம் சோதனைச்சாவடியை அடைய வேண்டும். வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதி தேவைப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். மறுபக்கத்தில் இராணுவத்தின் பதிவும் விசாரணையும் இருந்தன. இரண்டு பக்கத்துக் கடதாசியும் கையில் இல்லாமல் ஒருவர் முழுப் பயணத்தையும் முடிக்க முடியாது.

பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடியதாம். கதையா, உண்மையா?

உண்மை. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் பெற்றோல் விலை எட்டாத உயரத்தில் இருந்தது; மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு அனுமதிக்கப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் இயந்திரங்களில் அழுத்த விகிதம் குறைவு என்பதால், தரம் குறைந்த எரிபொருளையும் அவை தாங்கின. ஆனால் குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் இயந்திரத்தின் அருகே சேலைன் போத்தல் போன்ற சிறு கொள்கலனொன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதிலிருந்து சில துளிகளைக் காபரேட்டருக்குள் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் நெடியும் தெருமுனையிலேயே வண்டியின் வரவைச் சொல்லிவிடும்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியாக இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். வளையங்கள் விரைவில் தேயும். எண்ணெயை அடிக்கடி மாற்றவும் வழியில்லை. வாடகைக்கு ஓடிய கார்கள் தொடர்ந்து ஓடியதற்கு யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறனே காரணம். பழைய பாகங்களைக் கடைந்தும் ஒட்டியும் பொருத்திய அந்தத் தொழிலறிவு எங்கும் முறையாகப் பதியப்படவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

காரைவிட வேறென்ன ஓடியது?

எல்லாவற்றுக்கும் மேலாக மிதிவண்டி. ஆசிரியர் பள்ளிக்கும், நோயாளி மருத்துவமனைக்கும், விறகு சந்தைக்கும் அதில்தான் போனார்கள். வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே எரிபொருளையும் அரிசியையும் கொண்டுவந்த சிறு வியாபாரிகள், சட்டத்தின் நடுவிலும் பின் கரியரிலும் கான்களையும் மூட்டைகளையும் கட்டி, ஏறி ஓட்ட முடியாத பாரத்தை உருட்டிக்கொண்டே நடந்தார்கள்.

சந்தைகளுக்கு, பக்கங்கள் திறந்த பழைய தட்டிவான்கள் ஆட்களையும் கடகங்களையும் ஒன்றாக ஏற்றிச் சென்றன. தோட்டக்காரரின் லான்ட்மாஸ்டர் இரு சக்கர உழவு இயந்திரம் பெட்டி பூட்டியதும் சிறு லொறியாகிவிடும். ஒதுக்கி வைத்திருந்த மாட்டுவண்டிகளும் மீண்டும் வீதிக்கு வந்தன. அரச பேருந்துகளும் தனியார் சிற்றூர்திகளும் டீசல் கிடைக்கும் அளவுக்கு ஓடின.

என்னென்ன சாமான்களுக்குத் தடை இருந்தது? விலை ஏன் அவ்வளவு ஏறியது?

பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, யூரியா, மின்கலங்கள் எனத் தொடங்கி, சவர்க்காரம், தீப்பெட்டி போன்ற வீட்டுப் பொருட்கள் வரை தடையோ கட்டுப்பாடோ இருந்தது. பட்டியல் காலத்துக்குக் காலம் மாறியது. படைத்துறைப் பயன் உடையவை என்பது அரசு சொன்ன காரணம். சுமை முழுவதும் வீடுகள் மீதும் தோட்டங்கள் மீதும் விழுந்தது.

விலை ஏற்றத்துக்குத் தடை மட்டுமே காரணமன்று. ஒரு மூட்டை பொருள் லொறி, மிதிவண்டி, படகு, மறுபடி உழவு இயந்திரம் என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கூலியும் வரியும் சேதாரமும் சேர்ந்தன. போருக்கு முன் லொறி இரு திசையிலும் பாரம் ஏற்றியதைச் சொன்னேன். அந்தச் சமநிலை உடைந்தது. வெளியிலிருந்து வருவது நெருப்பு விலைக்கு விற்க, குடாநாட்டில் விளைந்த வெங்காயமும் புகையிலையும் தெற்கே போக வழியின்றி அடிமாட்டு விலைக்குப் போயின. ஒரே விவசாயி வாங்கும்போதும் விற்கும்போதும் நட்டப்பட்டார்.

வணிக வலைப்பின்னலே அறுந்துபோனதையும் இங்கே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த குடும்பங்களும் தெற்குடன் அவர்களுக்கிருந்த கொடுக்கல் வாங்கல்களும் சில நாட்களில் இல்லாமல் போயின. அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி பொருளாதாரக் கணக்குகளுக்கு அப்பாற்பட்டது. ஆனாலும் போக்குவரத்து வரலாற்றை எழுதுபவர்கள் அதைத் தவிர்த்து எழுதக்கூடாது.

1995 இல் ஒரே இரவில் யாழ்ப்பாணமே வெளியேறியது என்கிறார்கள். அத்தனை பேர் எந்த வீதியால் போனார்கள்?

1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் பகுதியின் சில இலட்சம் மக்கள், குடாநாட்டின் கிழக்குப் பக்கமுள்ள தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். செம்மணிப் பக்கமாகவும் நாவற்குழிப் பாலம் வழியாகவும் செல்லும் ஒரு சில ஒடுங்கிய வீதிகளே அவர்களுக்கு இருந்தன. மழை பெய்தது. மிதிவண்டியில் ஏறி ஓட இடமில்லாததால் உருட்டிக்கொண்டும், முதியவர்களைத் தாங்கிக்கொண்டும், சில கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் நடந்தார்கள். வாகனம் வைத்திருந்தவரும் அடி அடியாகவே நகர முடிந்தது. ஒரு பிரதேசத்துக்கு வெளியேறும் வீதிகள் எத்தனை என்ற கேள்வியைத் திட்டமிடுபவர்கள் முதலில் கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த இரவும் ஒரு காரணம்.

குடாநாடு இராணுவத்தின் கையில் வந்தபிறகும் 2002 வரைக்கும் தரைவழி ஏன் திறக்கவில்லை?

குடாநாடு ஒரு தரப்பிடமும் வன்னி மறுதரப்பிடமும் இருந்தன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை வீதியைப் பிடிப்பதற்காக இராணுவம் 1997 மே 13 இல் ஜயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியது. புளியங்குளம், மாங்குளம் என்று வீதியோர ஊர்கள் ஒவ்வொன்றுக்காகவும் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. நோக்கம் நிறைவேறாமல் 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. பிடித்த பகுதிகளில் பெரும்பாலானவை 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் கைமாறின. 2000 ஏப்ரலில் ஆனையிறவும் விடுதலைப் புலிகளிடம் சென்றது. ஒரு வீதியைத் திறக்க நடந்த போரில் அந்த வீதியோரத்து வீடுகளும் கடைகளும் பாடசாலைகளும் அழிந்தன.

அந்த ஆண்டுகளில் குடாநாட்டு மக்களுக்குக் கப்பலும் வானூர்தியும் மட்டுமே இருந்தன. திருகோணமலையிலிருந்து வரும் கப்பலில் இடம் பெறப் பதிவு, பாதுகாப்பு அனுமதி, நீண்ட காத்திருப்பு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். வானூர்தியும் பாதுகாப்பாக இருக்கவில்லை: 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் வானூர்தி மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் உயிரிழந்தார்கள்.

2002 இல் திறந்தபிறகு ஒரு லொறி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் எப்படி வந்தது?

முதலில் ஓமந்தையில் இராணுவச் சோதனை. பொருட்களை இறக்கிப் பார்த்து மீண்டும் ஏற்ற வேண்டும். பிறகு இரு தரப்புக்கும் இடையேயான சூனியப் பிரதேசம். அங்கே செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இருந்தது. அடுத்து புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சோதனையும் வரியும். பிறகு கிளிநொச்சி, ஆனையிறவு கடந்து, மீண்டும் புலிகளின் சாவடி, சூனியப் பிரதேசம், முகமாலையில் இராணுவச் சோதனை. சாவடிகள் பகலில் மட்டுமே திறந்திருந்ததால், பிந்தி வந்தவர் லொறியிலேயே படுத்துறங்கி மறுநாள் வரிசையில் நின்றார். மரக்கறியோ மீனோ ஏற்றியவருக்கு அந்த ஓரிரவு பெரிய நட்டம்.

உடன்படிக்கையின் இணைப்பில் கொண்டுசெல்லக் கூடாதவை என்று வெடிபொருள், தொலைநோக்கி, திசையறிகருவி, முட்கம்பி ஆகியவற்றுடன் சிறு பென்லைட் மின்கலமும் இடம்பெற்றிருந்தது. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பி ஆகியவை அளவுக் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் விலைகள் இறங்கின, உறவினர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்தார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படும் சாரதிகளின் வழக்கமும் திரும்ப வந்தது.

வரி கட்டியது உண்மையில் யார்? வியாபாரியா, சனமா?

சாவடியில் பணத்தைக் கொடுத்தது வியாபாரி. இறுதியில் கொடுத்தது கடையில் பொருள் வாங்கியவர். அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே தெற்கில் அரசுக்கு வரி செலுத்தப்பட்டிருந்தது. விடுதலைப் புலிகள் அறவிட்ட வரி அதற்கு மேல். ஆகவே ஒரே பொருளுக்கு இரண்டு நிருவாகங்களின் வரியையும் மக்கள் செலுத்தினார்கள். இது அக்காலத்திலேயே பரவலான மனக்குறையாக இருந்தது. பாதை மூடிய காலத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் பலர் பொறுத்துக்கொண்டார்கள்.

2006 இல் மறுபடி மூடியபோது முந்தைய அனுபவம் கைகொடுக்கவில்லையா?

ஓரளவுக்குத்தான். நான்கு ஆண்டுகளில் வாழ்க்கை முறை மாறியிருந்தது. மோட்டார் சைக்கிள்களும் புதிய ஊர்திகளும் பெருகியிருந்தன. வெளியிலிருந்து அன்றாடம் வரும் பொருட்களை நம்பிக் கடைகள் நடந்தன. கையிருப்பு வைக்கும் பழக்கம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் வாழ்ந்த குடாநாடு திடீரென மறுபடியும் கப்பலை நம்ப வேண்டியதாயிற்று. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் முன்னால் குடும்ப அட்டையுடன் வரிசைகள் நீண்டன. நீரேரியைக் கடப்பதும் இம்முறை இயலவில்லை, கிளாலியே முன்னரங்கமாகிவிட்டது. இக்காலத்தின் கடுமையைக் கிளாலிப் பயணத்துடன் ஒப்பிட்டுக் குறைத்துச் சொல்பவர்களுடன் நான் உடன்படுவதில்லை.

பேருந்தில் போவது பாதுகாப்பாக இருந்ததா?

இல்லை. 2006 ஜூன் 15 இல் கெப்பித்திகொல்லாவயில் பேருந்து கண்ணிவெடியில் சிக்கி 60க்கும் மேற்பட்ட சிங்கள மக்கள் கொல்லப்பட்டார்கள். 2008 ஜனவரி 29 இல் மடுப் பகுதியில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த இடத்தில், கிளைமோர்க் கண்ணிவெடித் தாக்குதலுக்கு உள்ளான பேருந்தில் பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். எந்தப் பக்கத்துப் பேருந்தாக இருந்தாலும் அதற்குள் இருந்தவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போனவர்கள்தான். அந்நிலையிலும் பேருந்தை எடுத்துச் சென்ற சாரதிகளுக்கும் நடத்துநர்களுக்கும் உரிய நினைவு இன்றுவரை எங்கும் செய்யப்படவில்லை.

கிழக்கிலும் இதே நிலையா?

கிழக்கின் சிக்கல் வேறு வகையானது. திருகோணமலை–மட்டக்களப்பு ஏ-15 வீதியைப் பல ஆறுகளும் களப்புகளும் குறுக்கறுக்கின்றன. போர்க்காலம் முழுவதும் பல இடங்களில் பாதைப்படகில் ஏறியே செல்ல வேண்டியிருந்தது. மட்டக்களப்பில் களப்பின் கிழக்குப் பக்கமான எழுவான்கரை பெரும்பாலும் அரசிடமும் மேற்குப் பக்கமான படுவான்கரை விடுதலைப் புலிகளிடமும் இருந்ததால், களப்பே எல்லையாயிற்று. படுவான்கரையின் நெல்லும் பாலும் படகேறியே நகரச் சந்தைக்கு வந்தன. 2009 இல் கிண்ணியாப் பாலமும், 2014 இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்ட பின் அந்த ஊர்களின் அன்றாடம் மாறிவிட்டது.

போர் நடக்கும்போதே வீதி அபிவிருத்தி செய்ய முடியுமா? செய்தார்களா?

பெரிய கட்டுமானம் முடியாது. யாரும் முதலிட மாட்டார்கள், கட்டியதும் நிற்காது. தொடருந்துப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போனதே அதற்குச் சான்று. ஆனால் சிறு வேலைகள் நடந்தன, அவற்றுக்குப் பயனும் இருந்தது. பள்ளம் நிரப்புதல், மதகு திருத்துதல், சந்தைக்குச் செல்லும் ஒழுங்கைகளைச் சீராக்குதல் ஆகியவற்றை உள்ளூர் நிருவாகங்கள் கிடைத்த பொருளைக் கொண்டு செய்தன. போர்நிறுத்தக் காலத்தில் ஏ-9 இன் குழிகள் செப்பனிடப்பட்டன, ஓரங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி தொடங்கியது.

என் கருத்தில், போர்க்காலத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய அபிவிருத்தி சோதனை முறையைச் சீர்படுத்துவது. சாவடியில் ஒரு லொறி நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தால், புதிதாக ஒரு கல்லும் பதிக்காமலே பொருட்களின் விலை இறங்கியிருக்கும். அழுகும் பொருட்களுக்குத் தனி வரிசை, இரு தரப்பும் ஏற்கும் ஒரே சரக்குப் பட்டியல், இறக்கி ஏற்றக் கூரையிட்ட மேடை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

போர் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது தானே? இப்போது நல்ல வீதி இருக்கிறதே?

முதன்மை வீதி நன்றாக இருக்கிறது. அதை மறுப்பது நியாயமன்று. ஏ-9 சீனக் கடனுதவியுடன் புனரமைக்கப்பட்டது. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டு, குடாநாட்டுக்கு இரண்டாவது நிரந்தரத் தரைவழி கிடைத்தது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் மீளமைத்த பாதையில் 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. ஓமந்தைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டது.

ஆனால் வீதி திறந்ததன் பயனை இரு பக்கமும் சமமாகப் பெறவில்லை. தெற்கின் பெரிய நிறுவனங்கள் பொருட்களுடன் உடனே வந்தன. இருபது ஆண்டுகளாக முதலும் இயந்திரமும் வாகனமும் இழந்திருந்த உள்ளூர் உற்பத்தியாளர் அவற்றுடன் போட்டியிட முடியவில்லை. நிறைய ஏற்றி வந்த லொறிகள் பாதி வெறுமையாகத் திரும்பின. வன்னியின் உட்கிராமங்களில் ஏ-9 இலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே போனாலே மழைக்காலத்தில் பேருந்து வராத வீதிகள் பல ஆண்டுகள் இருந்தன. உயர் பாதுகாப்பு வலயங்களில் அடைபட்ட வீதிகளின் கதை இன்னும் நீளமானது: வலிகாமம் வடக்கில் பலாலி வீதியின் மூடப்பட்டிருந்த பகுதி, ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஏப்ரலில்தான் கட்டுப்பாடுகளுடன் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை வடக்குச் சனம் சுலபமாகச் சமாளித்ததாமே?

மிதிவண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்ததும், விறகடுப்பு மூட்டத் தெரிந்தவர்கள் பதற்றப்படாததும் உண்மை. ஆனால் மேலே விளக்கிய மண்ணெண்ணெய் உத்தி இம்முறை பயன்படவில்லை. இன்றைய கார்களில் காபரேட்டர் இல்லை. மின்னணு எரிபொருள் உட்செலுத்தி மண்ணெண்ணெயைத் தாங்காது. மண்ணெண்ணெயே கிடைக்காமல் சிறு படகு மீனவர்கள் கரையில் நின்றார்கள். கியூஆர் குறியீட்டு முறை வந்த பிறகே வரிசைகள் குறைந்தன. துன்பப்பட்டுப் பழகியவர்கள் என்று சொல்லி ஒரு பிரதேசத்தின் தேவையைத் தள்ளிப்போடுவதற்கு இந்தக் கதை பயன்படக்கூடாது.

இனி எந்த வேலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள்?

ஏ-9 ஐ மேலும் அகலமாக்குவதை நான் முதலில் வைக்க மாட்டேன். மன்னார்–பூநகரி–சங்குப்பிட்டி வழியைப் பாரவூர்திகள் இயல்பாகத் தெரிவுசெய்யும் தரத்தில் வைத்திருப்பதே முதல் வேலை. வெள்ளத்தாலோ விபத்தாலோ ஆனையிறவில் தடை ஏற்பட்டாலும் குடாநாடு முடங்காதிருக்க அதுவே வழி. அடுத்து, பரந்தன்–முல்லைத்தீவு, மாங்குளம்–முல்லைத்தீவு போன்ற குறுக்கு வீதிகளும் அவற்றிலிருந்து வயலுக்கும் மீன்பிடித் துறைக்கும் பிரியும் கிளை வீதிகளும். மூன்றாவதாக, தெற்கே திரும்பும் லொறிகளுக்குப் பாரம் கிடைக்கச் செய்வது: கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் குளிர்களஞ்சியம், தரம்பிரிக்கும் நிலையம், தொடருந்தில் சரக்கேற்றும் வசதி. இரு திசையிலும் பாரம் ஓடிய பழைய சமநிலை திரும்பினால் கூலி தானாகக் குறையும்.

2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலும், 2019 இல் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியும் பிரதேசத்துக்குத் தெற்கைத் தவிர வேறு திசைகளையும் தந்திருக்கின்றன. அவை நிலைக்க வேண்டுமானால் துறைமுகத்திலிருந்து சந்தைக்குச் செல்லும் வீதிகள் தடையின்றி இருக்க வேண்டும்.

இதைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

சாலைகளில், அதாவது பேருந்து நிலையப் பணிமனைகளில், ஓய்வுபெற்ற சாரதிகளிடமிருந்து தொடங்குங்கள். அவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். கிளாலியில் படகோட்டியவர்கள், மிதிவண்டியில் பாரம் கட்டியவர்கள், மண்ணெண்ணெய்க் கார் திருத்தியவர்கள் ஆகியோரின் வாய்மொழியை இப்போதே பதிய வேண்டும். விலைவாசிக்கு, தாள் தட்டுப்பாட்டிலும் வெளிவந்த யாழ்ப்பாண நாளிதழ்களின் பழைய பிரதிகளைப் பாருங்கள். சந்தை விலையும் கப்பல் பதிவு அறிவித்தலும் அவற்றில் கிடைக்கும். மாவட்டச் செயலகங்களின் எரிபொருள் ஒதுக்கீட்டுப் பதிவுகளுக்கும், கூட்டுறவுச் சங்கங்களின் விநியோகப் புத்தகங்களுக்கும் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.